உங்கள் மகளைப் படம் எடுத்தவள் எழுதுவது

திருமுல்லைவாயில்,
ஜூன் 19, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய பார்வதம் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஆக்னஸ். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் மருமகன் ஸ்ரீநாத் என் பெயரைச் சொல்லியிருப்பார். உங்கள் மகளை ஏமாற்றிக் கடத்திக்கொண்டு போனவள் என்று சொல்லியிருப்பார். அந்த ஆக்னஸ்தான் எழுதுகிறேன். தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

ஸ்வாதி உயிரோடு, பத்திரமாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு விலாசத்தை விட்டுவிட்டு, நீங்கள் சத்துணவு வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் போன் அவர் வாங்கிக் கொடுத்தது. அதில் யார் பேசினாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஸ்வாதி நம்புகிறாள். நிஜமோ இல்லையோ, சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் சுற்றுலா வழிகாட்டி. பதினேழு வருடமாக மாமல்லபுரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஆட்களை அழைத்துப்போய்க் கதை சொல்லிப் பிழைக்கிறேன். என் வீட்டுக்காரர் பால்ராஜுக்குப் பக்கத்தில் பாடி என்ற ஊரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன மாதம் ஸ்ரீநாத் எனக்குப் போன் செய்தார். திருமண நாள், ஒரே நாளில் மாமல்லபுரம் போய் வரவேண்டும், வேறு யாரும் சேரக்கூடாது, தனிக் கார், தனி வழிகாட்டி என்றார். அப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் வழக்கமாகக் கூப்பிடும் டிரைவர் தேவாவுக்குச் சொல்லி வைத்தேன்.

மே 24, சனிக்கிழமை. ஐயப்பன்தாங்கலில் அவர்கள் குடியிருப்பு வாசலில் காலை ஆறு மணிக்கு ஏற்றிக்கொண்டோம். பூந்தமல்லி வந்து வெளிவட்டச் சாலை பிடித்து, வண்டலூர் வழியாகப் போனோம். பச்சைப் பட்டில் ஸ்வாதி அழகாக இருந்தாள். அந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். நான் என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொன்னார். “சொந்த ஊர் எதும்மா?” என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டேன். “சங்கரன்கோவில் பக்கம்” என்று முன் சீட்டிலிருந்து அவர் சொன்னார். அவள் கையில் போன் இல்லை. இந்தக் காலத்தில் ஒரு சின்னப் பெண் கையில் போன் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தால் யாருக்கும் கண்ணில் படும். எனக்கும் பட்டது. நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது.

ஐந்து ரதம் பார்த்தோம். அர்ஜுனன் தபசு பார்த்தோம். அந்தப் பாறையில் ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்வதுபோல் நிற்கும், சுற்றிலும் எலிகள் கும்பிடும். அதைக் காட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் நன்றாகச் சிரித்தார். ஸ்வாதி அந்த எலிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் நடக்கும்போதெல்லாம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார். எதிரே வந்த ஒரு அம்மாள் “ஜோடி நல்லா இருக்கு” என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வெண்ணெய்ப் பந்துப் பாறை. சரிவில் விழாமல் நிற்குமே, அந்தப் பெரிய உருண்டைக் கல். அதைக் கையால் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் படம் உங்கள் போனுக்கு அன்றே வந்திருக்கும். நான்தான் எடுத்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கு என்றார். அவளுக்கு வலது கை மேலே போனது. இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. “தூக்கு” என்றார் மறுபடியும். சத்தமே போடவில்லை, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது பேசுகிற குரல். அவள் தூக்கினாள். சிரித்தாள். மூக்கின் மேலும் உதட்டின் மேலும் வியர்வை குப்பென்று வந்ததை நான் போன் திரையில் பார்த்தேன். “சூப்பர். அத்தைக்கு அனுப்பிடலாம்” என்றார் அவர்.

அம்மா, அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். உங்கள் மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே வேலிக்கு வெளியே பாறைகள் இருக்கின்றனவே, அங்கே நின்று படம் எடுக்கலாமா என்று. பாசி பிடித்திருக்கும் சார், வழுக்கும், அலை வேகம் ஜாஸ்தி, யாரும் போகமாட்டார்கள் என்றேன். “அதான், கூட்டம் இருக்காதுல்ல” என்றார். “அஞ்சு மணிக்கு மேல நீங்க வேணாம் மேடம். நாங்க ரெண்டு பேரு மட்டும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றோம். டிரைவரும் ரோட்டு மேலயே நிக்கட்டும்.”

அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெறும் படம் எடுக்கத்தான் நினைத்தாரோ என்னவோ. தெரியாததைத் தெரிந்ததாக எழுதமாட்டேன். ஆனால் அதைக் கேட்டபோது என் முதுகில் ஏதோ ஊர்ந்ததுபோல் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குப் போனோம். பெண்கள் கழிப்பறைக்கு நானும் அவளும் போனோம். அவர் வர முடியாத இடம் அது ஒன்றுதான். உள்ளே போனதும் அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரே மூச்சாகச் சொன்னாள். “அக்கா, அந்தப் பாறைக்கு மட்டும் எங்களைத் தனியா அனுப்பிராதீங்க. எனக்கு நீச்சல் தெரியாது. காலையில, இன்னைக்கோட உன் அழுகையெல்லாம் முடிஞ்சிரும்னு சொன்னாரு. எதுக்குச் சொன்னாருன்னு தெரியலக்கா. பயமா இருக்கு.”

உலகத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். அம்மாவிடம் சொன்னாயா என்று.

அவள் சொன்ன பதிலை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். எழுதாமல் போனால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. “பொங்கல் முடிஞ்சு சொன்னேன்க்கா. அம்மா நல்லது செய்யிறதா நினைச்சு அவர்கிட்டயே பேசிட்டாங்க. அதுக்கு மறுநாள்தான் இந்தக் கை.”

வெளியே கதவைத் தட்டினார். “ஸ்வாதி, என்ன இவ்வளவு நேரம்?” வயிறு சரியில்லையாம் சார், ரெண்டு நிமிஷம் என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அம்மா, நான் தைரியசாலி இல்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், லைசென்ஸ் போய்விடும், போலீஸ், கோர்ட்டு என்றெல்லாம்தான் முதலில் தோன்றியது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கார் நிறுத்துமிடத்துக்குப் போய் தேவாவிடம் சொன்னேன். அவன் பாடிக்காரன், வாய்த்துடுக்கு அதிகம். அன்றைக்கு அதிகம் பேசவில்லை. “எனக்குக் காலையிலயே டவுட்டுக்கா. அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கக்கூட அந்தாள் மூஞ்சியப் பாத்துகினு கீது. நீ இன்னா சொல்றியோ அத்தச் செய்றேன். வண்டி ரெடியா நிக்கும்” என்றான். அங்கேயே நின்று பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினேன். எப்படியாவது பக்கத்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், நாங்கள் சொல்லி வைக்கிறோம் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னார்.

கடற்கரைக் கோயில் வாசலுக்கு நாலு மணிக்குப் போனோம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். சோதனைக்கு ஆண்களைத் தனி வரிசையிலும் பெண்களைத் தனி வரிசையிலும் விட்டார்கள். அவர் மணிக்கட்டை விடவேண்டி வந்தது. எங்களையே பார்த்துக்கொண்டு நகர்ந்தார். நான் பல்லவ ராஜாக்கள் கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அப்பனை மகன் என்றும் மகனை அப்பன் என்றும் மாற்றிச் சொன்னேன். அவர் முறை வந்தது. போனைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். காவலர் அவரைத் தடவிப் பார்க்கக் குனிந்தார். நான் ஸ்வாதியின் வலது கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினோம். அவளுக்கு ஒரு செருப்பு கழன்று போயிற்று.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே வந்துவிட்டார். மோதிரக் கையால் கண்ணாடியில் அடித்தார். அது விரிசல் விட்டது. ஆனால் கத்தவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்து, காலையில் ‘தூக்கு’ என்று சொன்ன அதே குரலில், “ஸ்வாதி, இறங்கு” என்றார்.

அவள் கை தானாகக் கதவுப்பிடிக்குப் போனது. திறக்கப் பார்த்தாள் அம்மா. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்து திறக்கப் பார்த்தாள். தேவா முன்னாலேயே பூட்டியிருந்தான். அது மட்டும் இல்லையென்றால் இறங்கியிருப்பாள். என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது அந்த நொடியில்தான்.

தேவா வண்டியை நேராக மகளிர் காவல் நிலையத்துக்கு விட்டான். எங்களைத் தேடிக்கொண்டு இருபது நிமிடத்தில் அவரும் ஒரு ஆட்டோவில் அங்கே வந்தார். கும்பிட்டார், அழுதார். மனைவிக்கு மனநிலை சரியில்லை, இந்த அம்மா பணத்துக்காகத் தூண்டிவிடுகிறாள் என்றார். பிறகு உங்களுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். அன்று நீங்கள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். “அவ சின்னதுலயே பிடிவாதக்காரி மாப்ள. மனசுல வச்சுக்காதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.”

உங்களுக்கு அங்கே என்ன தெரியும்? அவர் சொன்னதுதான் தெரியும். அதை நான் இன்ஸ்பெக்டரம்மாவிடமும் சொன்னேன். ஆனால் ஸ்வாதி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் யாரும் கேட்காமலே ரவிக்கையின் இடது கைத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, தோள்வரை ஏற்றிக் காட்டினாள்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்கை எலும்பு முறிந்து, நாலைந்து மாதமாக யாரும் கட்டுப்போடாமல் கோணலாகக் கூடியிருக்கிறது. மறுபடி உடைத்துச் சேர்க்க வேண்டுமாம். காப்பி என்னிடம் இருக்கிறது. இதில் வைக்கவில்லை. உங்கள் கண்ணில் திடீரென்று படவேண்டாம் என்று வைக்கவில்லை.

வழக்குப் பதிவாகியிருக்கிறது. அவர் முன்ஜாமீனில் வெளியே இருக்கிறார். ஸ்வாதி என் வீட்டில் இல்லை. எங்கே என்று உங்களுக்குக்கூட எழுதமாட்டேன், மன்னியுங்கள். போன ஞாயிறு நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். எதிர்வீட்டுக் குப்பம்மா சொன்னாள். “யாரோ ஒரு சாரு வந்துகினு போனாரு. ஊட்ல யார் யாரு கீறீங்க, எத்தினி மணிக்கு வருவீங்கன்னு கேட்டாரு. ரொம்ப தன்மையாப் பேசினாரு ஆக்னஸு.” தன்மையாக என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. பால்ராஜ் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார். தினமும் கம்பெனிப் பஸ்ஸை விட்டுவிட்டு என்னை ஸ்டேஷன்வரை கொண்டுவந்து ரயில் ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். ஏன் இந்த வம்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை போல இருக்கிறது.

இப்போது எழுதவேண்டிய காரியத்துக்கு வருகிறேன். வரும் 30-ஆம் தேதி விசாரணை. அதற்கு உங்களை அழைத்துவர அவர் ஊருக்கு வரப்போகிறார் என்று எங்கள் வக்கீலுக்குத் தகவல் வந்திருக்கிறது. பெற்ற தாயே தன் பக்கம் என்று காட்டுவதற்கு. கோர்ட்டில் அவர் பக்கத்தில் நீங்கள் நிற்பதைப் பார்த்தால் அவள் கை மறுபடியும் கதவுப்பிடிக்குப் போய்விடும். அங்கே பூட்டி வைக்க தேவா இருக்கமாட்டான்.

நீங்கள் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லி அவருடன் கிளம்பாமல் இருந்தாலே பெரிய உதவி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

வரும் புதன்கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் நேரம், ஒன்றரை மணிக்கு, உங்கள் தலைமையாசிரியை மதிவதனி டீச்சரின் போனுக்கு ஒரு அழைப்பு வரும். அவர்தான் ஸ்வாதிக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவராமே, எண் அவளுக்கு மனப்பாடமாக இருக்கிறது. நீங்கள் எடுத்ததும் முதல் வார்த்தையாக என்ன கேட்பீர்கள் என்று அவள் மூன்று நாளாகக் கணக்குப் போட்டுப் பயந்துகொண்டிருக்கிறாள். எப்போது வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டுவிடாதீர்கள் அம்மா. என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டாம். அழவும் வேண்டாம். “சொல்லும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் பேசும்வரை போனை வைக்காமல் காத்திருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும்.

ஆண்டவர் உங்கள் வாயில் அந்த ஒரு சொல்லை வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்,
ஆக்னஸ் பால்ராஜ்