துண்டை நனைத்துக் கட்டிவிட்டவள்

என் உயிர் அத்தாவுக்கு,

உங்கள் மகளின் சலாம். நம்மூரில், நீங்கள் அடங்கியிருக்கிற கபருஸ்தானுக்குப் பெண்கள் வருவதில்லை. தம்பி போய் ஓதிவிட்டு வருவான், நான் வெளியிலேயே நின்றுவிடுவேன். பத்து வருஷத்துக்கு மேலாக உங்களிடம் பேசாமல் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதுகிறேன், ஊரும் கேட்கட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் எழுதத்தான் போகிறேன், உங்கள் பிடிவாதம்தானே எனக்கும்.

முதலில் வீட்டுச் சேதி. நான் இப்போது தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேஃப்டி ஆபீசர். பழனிசெட்டிபட்டியில் வாடகை வீடு, அம்மா என்னோடு இருக்கிறார். சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டோம். ஓடுகிற மெஷினுக்குள் கையை விடாதீர்கள் என்று நாள் பூராவும் கத்துவதுதான் என் பிழைப்பு. பஞ்சுத் தூசிக்கு முகமூடி கொடுத்தால், "வெத்தல போட முடியல மேடம்" என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். யார் பேச்சையும் கேட்காத உங்கள் மகளுக்கு இது நல்லா வேணும், இல்லையா?

போன புதன்கிழமை கம்பத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலைகளை அறிமுகம் செய்ய வேண்டுமாம். "டாக்டர், இன்ஜினியர்னு கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சுக, உங்க வேலையைச் சொல்லுங்க" என்றார் டீச்சர். வேலைக்குப் போன மனுஷன் போனபடியே வீடு திரும்புவதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று ஆரம்பித்தேன். தூசியையும் சத்தத்தையும் அளக்கிறவர்கள், தொழிலாளிகளின் நுரையீரலையும் காதையும் சோதிக்கிறவர்கள், சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடாதபடி பார்த்துக்கொள்கிறவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அப்ப நீங்க மில்லுக்குள்ள ஹெல்மெட் போலீஸா மேடம்?" என்று ஒருத்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அதோடு வந்திருக்கலாம். உங்கள் வீட்டில் செய்கிற வேலையில் என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகிற அம்மாக்களைச் சொன்னார்கள். பிறகு பவித்ரா என்று ஒரு பிள்ளை எழுந்தது.

"எங்கப்பா திராட்சப் பந்தலுக்கு மருந்தடிக்கப் போவாக மேடம். வர்ற செவ்வாக்கிழமைகூட வேலை இருக்கு. ஆனா பயமில்ல, மூஞ்சில ஈரத்துண்டு கட்டிக்கிருவாக."

பந்தல் தலைக்கு மேலே. அண்ணாந்து அடிக்கிற மருந்து அடிக்கிறவர் முகத்தில்தான் இறங்கும். காய்ந்த துண்டில் மருந்து புகுந்துவிடும், நனைத்துக் கட்டினால் புகாது என்று நம் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு நம்பிக்கை. ஈரத்துணி மருந்தைக் குடித்து மூக்கோடும் வாயோடும் ஒட்டவைத்துக்கொள்ளும், உயிரே போகலாம், அதற்கென்று இருக்கிற முகமூடிதான் வேண்டும் என்று விளக்கினேன்.

அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்பிடி ஒருத்தருக்காச்சும் ஆகி நீங்க பாத்திருக்கீகளா மேடம்?"

"இல்ல" என்று சொன்னேன் அத்தா. "புஸ்தகத்துல படிச்சிருக்கேன்."

பவித்ரா நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது.

டீச்சரிடம் நம்பர் வாங்கி அதன் அப்பாவிடமும் பேசினேன். "இருவது வருசமா அடிக்கிறேம்மா. ஏம்மா புள்ளையப் பயமுறுத்துறீக?" என்று சிரித்தார். உங்கள் சிரிப்பு மாதிரியே இருந்தது. போனை வைத்துவிட்டு மில் கழிப்பறையில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், இனி மறைக்க முடியாது என்று. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருச்சா? மருந்துன்னு வாயெடுத்தா, அத்தா குடிச்சுட்டுத்தான் மவுத்தானாகன்னு பேசுவாக. அஞ்சு வேளை தொழுத மனுசனுக்கு அந்தப் பேரு வரணுமா? இத்தன வருசம் நான் எதுக்கு வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்?"

அம்மா சொன்னது பொய்யில்லை. நம்மூரில் விவசாயி செத்து, மருந்து என்ற சொல்லும் காதில் விழுந்தால், ஊர் வேறெதையும் கேட்காது. அதனால்தானே அன்றைக்குச் சொந்தங்கள் வருவதற்குள் மருந்து வாடையடித்த உங்கள் சட்டையைத் துவைத்துப் போட்டு, நெஞ்சுவலி என்று அம்மா சொன்னார். பந்தலில் மருந்தடித்துவிட்டு வந்த உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது, வாயில் நுரை வந்தது, கை நடுங்கியது எல்லாம் எங்கள் மூன்று பேரோடு நின்றுபோனது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் உங்கள் உயிர் தாங்கவில்லை.

வாயைத் திறந்தால் உங்கள் பெயர் கெடும். மூடிக்கொண்டால் அந்த மனுஷன் செவ்வாய்க்கிழமை பந்தலுக்குள் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருக்கிறது அத்தா.

இன்னொன்றும் இருக்கிறது, அம்மாவுக்குக்கூடச் சொல்லாதது. ஊர்ப்பேச்சுக்கு மட்டுமா பயந்தேன்? அன்று தொட்டித் தண்ணீரில் துண்டை முக்கிப் பிழிந்து, "குளுகுளுன்னு இருக்கும்த்தா" என்று உங்கள் முகத்தில் கட்டிவிட்டது நான். நானும் அப்போது பத்தாம் வகுப்பு. கெட்டிக்காரி என்று என் கன்னத்தைத் தட்டினீர்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக எல்லோருக்கும் பாதுகாப்பு சொல்லித் தருகிறேன். என்னை மன்னித்தீர்களா, இல்லையா? யாரிடம் போய்க் கேட்பேன்?

திங்கட்கிழமை அதே பள்ளியில் அடுத்த பிரிவுக்கும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பிரிவையும் சேர்த்து உட்காரவைக்கச் சொல்லிவிட்டேன், பவித்ராவின் அப்பாவையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அங்கே வாசிப்பேன். கிளம்புவதற்கு முன்னால் அம்மாவுக்கு வாசிப்பேன், முதுகுக்குப் பின்னால் அல்ல. அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினால் அதையும் தாங்குவேன். நீங்கள் மருந்தைக் குடித்துச் சாகவில்லை என்று கேட்கிறவர் ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்வேன், தொண்டை வற்றினாலும் சொல்வேன். அந்தப் பிள்ளை மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், ஆமாம், பார்த்தேன் என்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

அன்றைக்கு அந்த ஆட்டோவில் உங்கள் தலையை மடியில் வைத்திருந்த உங்கள் மகள்,
ஷமீமா