மூடி வைத்த சூப்

கார்த்திகை 14, வெள்ளி

நாடகத்துக்கு முதல் சாப்பிடலாம் என்று மகள் ஜனனி என்னைத் தியேட்டருக்குப் பக்கத்திலுள்ள அந்தப் பழைய இத்தாலியன் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிப்போனாள். இவர், ஜனனியின் அப்பா, இறந்த பிறகு நான் அங்கே போனதில்லை.

கிழட்டு வெயிட்டருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. மூன்று பேருக்குக் கரண்டிகள் வைத்துவிட்டு, இவர் கார் நிறுத்தப் போயிருக்கிறாரா என்று கேட்டார். முன்பெல்லாம் அப்படித்தான். எங்களை வாசலில் இறக்கிவிட்டு, இடம் தேடி அலைந்து, நனைந்த கோட்டோடு கடைசியாக வருவார்.

ஓம், வருகிறார் என்று சொல்லிவிட்டேன்.

ஜனனி என்னையே பார்த்தாள். வெயிட்டர் இவருடைய வழக்கமான சூப்பைக் கொண்டுவந்து, ஆறாமலிருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார். நாங்கள் தலை நிமிராமல் சாப்பிட்டோம். எழும்பும்போது அந்தத் தட்டைத் தூக்கிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வெளியே வந்த பிறகுதான் ஜனனி கேட்டாள்.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"பொய் எண்டு நினைச்சுச் சொல்லேல்லைப் பிள்ளை."

நாடகத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அவள் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனதும் கதவுச் சங்கிலியைப் போடப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று இவர் இந்தக் கதவடியில் நின்றுதான், "போயிட்டு வாறன்" என்றார். இன்றைக்கு நானும் வருகிறார் என்று வாயால் சொல்லிவிட்டேன்.

சங்கிலியைப் போடாமல் வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.