சங்கு நண்டுக்குப் பெரிய தொட்டி

அண்ணைக்கு,

நானும் அம்மாவும் கோயிலுக்குப் போறம். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் மூடிக் கிடக்கு. வெளியிலை போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுங்கோ.

உங்கடை சங்கு நண்டுகளுக்குப் பழைய தொட்டி காணாதெண்டு அலுமாரிக் கண்ணாடியையும் கழட்டிப் பெரிய தொட்டி செய்யத் துவங்கியாச்சு. அதுகளுக்கு ஈரமண் வேணும், ஏறத் தடி வேணும், மாத்தப் பெரிய சங்கு வேணும். அந்த அறிவுக்கு மட்டும் குறைவில்லை.

நீங்கள் கடற்கரையிலை மண் அள்ளிக்கொண்டு நிக்கேக்கை என்னைப் பொம்பிளை பாக்க வந்தவை வந்திட்டுப் போட்டினம். என்னை விடக் கண்ணாடியில்லாத அலுமாரியைத்தான் கூடப் பாத்தவை.

புவனா

மண்ணெண்ணெய் விக்கிற விலையிலை நண்டுக்கு விளக்குக் கொளுத்தாதேங்கோ.

இன்னுமொண்டு. சீதன வீட்டைப் பற்றிக் கேட்டவை. அண்ணை வீடு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் எண்டன். ஆருக்கெண்டு மட்டும் சொல்லேல்லை.