எட்டு மீட்டர்

மார்ச் 3, திங்கள்

கால்வாய்க் கரைத் திட்டம் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. கரைக்கோட்டுக்குள் விழும் வீடெல்லாம் இடிபடும். வரைபடம் போடுவது நான்.

வீடுகளைப் பொது வரைபடத்திலிருந்து இறக்கினேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். கால்வாய்க் கரையில் இருக்கும் அக்கா தெருவை அதில் ஏற்றியதே நான்தான். மாமாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் சந்து தெரியாமல் சுற்றியது. அதற்கப்புறம்தான் அந்தத் தெரு முழுக்கக் கைபேசியோடு நடந்து, வீடு வீடாக அளந்து வரைந்தேன்.

மார்ச் 5

அக்காவின் சமையலறை கால்வாய்க்குள் நிற்கிறது — வரைபடத்தில். கால்வாயை வரைந்தது மேலாளர். இலவசச் செயற்கைக்கோள் படத்தை அப்படியே வைத்து அதன்மேல் இழுத்திருக்கிறார். படமோ வீடுகள் பக்கமாக எட்டு மீட்டர் நகர்ந்திருக்கிறது. படத்துப் பாலம் பொது வரைபடத்துச் சாலையோடு சேராமல் தனியே நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா? முதலில் படத்தை நகர்த்திப் பொருத்த வேண்டும், பிறகுதான் வரைய வேண்டும். இந்த வேலையின் அரிச்சுவடி அது.

மேலாளரிடம் சொன்னேன். அக்கா வீடு என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

"இலவசப் படம், இலவச மென்பொருள். எட்டு மீட்டர்ல என்னம்மா குடி முழுகிப் போச்சு?"

மார்ச் 6

கேட்காமலே திருத்தி அனுப்பிவிட்டேன். பதினொரு வீடு கோட்டுக்கு வெளியே வந்தது.

மார்ச் 11

பழைய வரைபடம்தான் கையெழுத்தாகிப் போயிருக்கிறது. மூலையில் 'வரைந்தவர்' என்று என் பெயர்.

"அக்கா வீட்டுக்காகக் கோட்டையே நகர்த்திட்டாள்னு பேர் வாங்கணுமா உனக்கு? உன் நல்லதுக்குத்தான்" என்றார் மேலாளர்.

நல்லதாம்.

மார்ச் 14

அக்காவோடு போய் மனு கொடுத்தேன். "வரைபடத்துல இருக்கேம்மா" என்றார் எழுத்தர். அந்த வரைபடம்தானே ஐயா தப்பு! எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

ஏப்ரல் 2

இடித்துவிட்டார்கள்.

அக்கா அழவில்லை. "ஆம்புலன்ஸ்தான் வழி தெரியாம சுத்துச்சு. புல்டோசர் நேரா வந்துருச்சுடி" என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மே 19

பொது வரைபடத்தில் அந்தப் பதினொரு வீட்டையும் யாரோ அழித்திருக்கிறார். எந்த ஊர்க்காரரோ. புதுச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் செய்ததாகக் குறிப்பு: "இங்கே இப்போது கட்டடங்கள் இல்லை. தெரிந்தவர்கள் சரிபார்க்கவும்."

முதலில் பாலத்தைப் பார்த்தேன். சாலையோடு சேர்ந்திருக்கிறது. படத்தைப் பொருத்திவிட்டுத்தான் கை வைத்திருக்கிறார், புண்ணியவான். ஒரு குறை சொல்ல முடியவில்லை.

சரியாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.