பன்னிரண்டும் இடப்பக்கம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம்தான், வலது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பட்டறையை மூடிவிட்டு உங்களோடு வந்து இருந்துவிடச் சொல்கிறாய். போனில் கேட்டால் என் வாய் "பாக்கலாம்ப்பா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது, காகிதத்தில் அது நடக்காது. ஆனாலும் அதற்கு முன்னால் போன வாரம் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்ல இங்கே எனக்கு ஆள் இல்லை.

சலவைக் கடைக்காரர் தன் மூன்று கடைக்கும் சேர்த்து ஆறு ஆளுயர வீடியோ கேம் பெட்டி கேட்டிருக்கிறார். மெஷினில் துணி சுற்றி முடிகிறவரைக்கும் ஆட்கள் சும்மா உட்கார்ந்து சண்டை வளர்க்கிறார்களாம், ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் கடைக்கு நிம்மதி என்றார். அப்பா போன பிறகு வந்த முதல் பெரிய ஆர்டர். "தனியாவா செய்யப்போறீங்கம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டார் பார், அதற்காகவே ஒத்துக்கொண்டேன். ஆறு பெட்டிக்குப் பன்னிரண்டு பக்கப் பலகை வேண்டும். உனக்குத் தெரியாததா, ஒவ்வொன்றாக அறுத்தால் ஒன்றைப் போல் ஒன்று வராது, அதனால் நான்கு பலகையை அடுக்கி ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மேலே அச்சுப் பலகையை வைத்து ஒரே அறுப்பில் நான்கையும் எடுத்துவிடுவோம். பிளைவுட்டின் ஒரு முகத்தில்தான் கறுப்பு மைக்கா, மறுமுகம் வெறும் மரம். ஆகவே அடுக்கும்போதே இரண்டைக் கறுப்பு மேலே தெரியும்படியும் இரண்டைக் கவிழ்த்தும் வைக்க வேண்டும், அப்போதுதான் பெட்டிக்கு ஓர் இடப்பக்கமும் ஒரு வலப்பக்கமும் கிடைக்கும். அப்பா ஒரு பலகையை வைத்து "இடம்" என்பார், மறுமுனையைப் பிடித்திருக்கும் நான் அடுத்ததற்கு "வலம்" என்று சொல்லிக் கவிழ்ப்பேன். பதினோரு வருஷமாகப் பட்டறையில் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான், மீதியெல்லாம் அவர்தானே பேசுவார்.

புதன்கிழமை நான் மட்டும். சாயங்காலத்துக்குள் மூன்று அடுக்கையும் அறுத்து, ஓரம் தேய்த்து, சுவரில் சாய்த்துவிட்டேன், எனக்கே பெருமை தாங்கவில்லை. மறுநாள் முதல் பெட்டியைக் கூட்டலாம் என்று இரண்டை எதிரெதிரே நிறுத்தினால் ஒன்றின் கறுப்பு வெளியே, மற்றதன் கறுப்பு உள்ளே. வேறொன்றை மாற்றி வைத்தேன், அதுவும் அப்படியே. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன், பன்னிரண்டும் இடப்பக்கம். "இடம்" என்று சொல்ல ஆள் இல்லை, அதனால் எனக்கு "வலம்" என்று சொல்லத் தோன்றவே இல்லை. முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்து, யாரிடமாவது காட்டலாம் என்று திரும்பினால் யாரும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன் கண்ணு. அப்பா இறந்த அன்று வந்தவர்களுக்கு டீ போடுவதிலேயே எனக்குப் பொழுது போய்விட்டது, அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. பலகைக் கடைக்காரரிடம் சொன்னதற்கு, "வெறும் பக்கத்துலயும் மைக்கா ஒட்டிடுங்கம்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். கையால் ஒட்டியது ஆறே மாதத்தில் கொப்புளம் போடும், முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது. அறுத்த இடப்பக்கம் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று, புதுப் பலகை வாங்கி வந்து பன்னிரண்டு வலப்பக்கம் அறுத்தேன். ஒவ்வொன்றுக்கும் "வலம்", "வலம்" என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு கவிழ்த்ததை ஜன்னல் வழியாகத் தபால்காரர் நின்று பார்த்துவிட்டு, வேகமாக நடையைக் கட்டினார். இப்போது ஆறுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பெட்டி, அதில் ஆறை யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டும் முடிகிறவரை வர முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது நொண்டிச் சாக்கு. நான் வரமாட்டேன், அதுதான் பதில். உன்மேல் கோபமில்லை, மருமகள்மேல் குறையும் இல்லை, முன்பு அங்கே வந்து தங்கியபோது அவள் என்னை ஒரு தட்டுக்கூடக் கழுவ விடவில்லை. அங்கே இருந்த ஐந்து வாரமும் நீங்கள் வேலைக்குப் போன பிறகு, கையை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்ட் ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கேயும் தனிமைதான், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். சலவைக் கடைக்காரர் போன் செய்தால்தான் சில நாள் என் குரலே எனக்குக் கேட்கிறது. ஆனால் இங்கே காலையில் எழுந்தால் அறுக்க ஒரு பலகை இருக்கிறது, அந்த ஒன்றை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளாதே.

நீ காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வீட்டில் வாக்குவாதம் வந்தால் முதலில் நீ வாயை மூடு, உனக்கு வாய்த்தது என் வாய். இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மாதான் வரமாட்டேன் என்று எழுதிவிட்டாளே என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்காமல் இருந்துவிடாதே. எப்போதும் போல "எப்பம்மா வர்றே?" என்று கேள். நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். இருந்தாலும் கேள்.

என்றும் உன்,
அம்மா