படகுத்துறைப் பலகையை நான் மாற்றப் போவதில்லை

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் பழைய வாடகைக்காரன் மாதிரி காலி செய்ய மாட்டேன் என்கிறது. நம் லாட்ஜில் எல்லா அறையிலும் ஆள் இருக்கிறது, மாடிக் கொடி முழுக்க ஈரப் படுக்கைவிரிப்பு. போனில் நீ பாதியிலேயே "விடும்மா" என்றுவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சித்தப்பா உன்னைக் கூப்பிட்டு அழுதார் என்றாய். படகுத்துறையில் நான் வரைந்து வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகையை எடுக்கச் சொல்லி நீதான் என்னிடம் பேச வேண்டும் என்றாராம். முழுக்கதையும் கேள், கேட்ட பிறகும் அதையே சொல்கிறாயா பார்ப்போம்.

துறையிலிருந்து நம் வாசலுக்கு நேராக வரும் சந்து உனக்கு நினைவிருக்கும், சித்தப்பாவின் தங்கும் ஓட்டலை ஒட்டி வரும், இரண்டு வீட்டுக்கும் பொது. நீ கல்யாணமாகிப் போன பிறகு ஒருநாள் வந்து, "அண்ணே, மழைக்கு ஒரு கூரை போட்டுக்கறேன்" என்றார். உன் அப்பாவுக்குத் தலையாட்டத்தான் தெரியும். கூரை வந்தது, பிறகு சுவர் வந்தது, பிறகு மேசை நாற்காலி போட்டு அவர் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடமே ஆகிவிட்டது. சந்து வழியாக நம்மிடம் வர நினைத்தவர்கள் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டார்கள். அறைகள் காலியாகக் கிடந்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை, உனக்கே தெரியும், நான் சண்டைக்காரி இல்லை. ஆனால் வருஷா வருஷம் நம்மிடம் தங்கும் அந்த வாத்தியார் தம்பதி, மீன் ஏலக்கூடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு பெட்டியோடு வந்து நின்று, "திறந்துதான் இருக்கீங்களா? அந்த ஓட்டல்காரரு நீங்க மூடிட்டுப் போயிட்டதா சொன்னாரே" என்றார்கள். கூடப் பிறந்தவன் பிழைப்பை உயிரோடு புதைத்துவிட்டு, வருகிறவர்களுக்குச் செத்த சேதியும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு முடிவு செய்தேன். கத்தவில்லை, அழவில்லை. அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு துறை முழுக்க நடக்க ஆரம்பித்தேன்.

துறைமுக அதிகாரி ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் மீன் கிடங்குக்கும் லாரி நிறுத்தத்துக்கும் நடுவே வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள், நீங்கள் புவியியல் படித்தவர், ஒரு வரைபடம் போட்டுக் கொடுங்கள் என்று. போட்டுக் கொடுத்தேன். கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் படி, நிழல் உள்ள பாதை, தண்ணீர்க் குழாய், தீவுப் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னல், குழந்தைகளை இறக்கக் கூடாத பாறைப் பகுதி, எல்லாம் இருக்கிறது. வலை பின்னும் கொட்டகையைச் சுற்றி நம் வாசலுக்கு வரும் பாதையும் இருக்கிறது. தங்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரி. நம்முடையதற்கு 'கடல் தெரியாது, மாடியிலிருந்து பாய்மர நுனி தெரியும், ஆண்டு முழுதும் திறந்திருக்கும்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அவருடையதற்கு 'எதிரில் ஐஸ் ஃபாக்டரி, விடியும் முன்பே இயந்திரச் சத்தம், பின்னால் டீசல் தொட்டி' என்று எழுதினேன். எல்லா ஜன்னலிலும் கடல் என்று விளம்பரம் செய்கிற மனிதர்! ஓட்டல்காரர் சங்கத் தலைவர் பார்த்துச் சரி சொன்னால்தான் பலகை நிற்கும் என்றார்கள் துறைமுக அலுவலகத்தில். சங்கத் தலைவர் யார்? உன் சித்தப்பாதான். கொண்டுபோய் விரித்தேன். அந்த மனிதர் முழு வரைபடத்திலும் தேடியது தன் ஓட்டல் பெயரை மட்டும். பக்கத்து ஓட்டலின் எழுத்தோடு விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "நம்முது இன்னும் கொஞ்சம் தடியா இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லிச் சம்மதம் கொடுத்துவிட்டார். தடியாகவே போட்டேன். இப்போது படகிலிருந்து இறங்குகிற அத்தனை பேர் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது, போனதும் கீழே உள்ள சின்ன எழுத்தையும் படித்துவிடுகிறது.

சீசன் தொடங்கிய வாரமே வீட்டுக்கு ஓடி வந்தார். "சொந்த அண்ணியே இப்படிப் பண்ணலாமா, ஊர் சிரிக்குது" என்றார். "எது தப்புன்னு காட்டுங்க, இன்னிக்கே மாத்திடறேன்" என்றேன். அதை விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விடுகிறேன், பலகையை எடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசினார். "அந்த சந்து எனக்கு இப்போ வேண்டாம், நீங்களே வெச்சு சாப்பாடு போடுங்க" என்றேன். உன் அப்பா உள்ளே போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி நின்றார். இதில் பொது நன்மை இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அதெல்லாம் இல்லாவிட்டாலும் செய்திருப்பேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? படகு வரும் நேரமெல்லாம் துறைக்குப் போய், யாரையோ வரவேற்கிறவர் மாதிரி தன் ஓட்டலுக்குக் கீழே உள்ள அந்த இரண்டு வரியை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். நேற்று நானே பார்த்தேன். ஒரு குடும்பம் பலகையில் நம் லாட்ஜைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு எப்படிங்க போகணும்?" என்று அவரிடமே கேட்டது. மூடிவிட்டார்கள் என்று சொல்லலாம் என்றால், தோளுக்கு மேலேயே 'ஆண்டு முழுதும் திறந்திருக்கும்' என்று இருக்கிறது. நகர்ந்து காட்டலாம் என்றால் ஐஸ் ஃபாக்டரி வரி தெரிந்துவிடும். முதுகை எடுக்காமலே கையை நீட்டி, வலைக் கொட்டகைப் பக்கம் வழி காட்டினார். ஆகவே மகளே, பலகை அங்கேயே இருக்கும். சீசன் முடிந்ததும் வெயிலில் மங்கிய எழுத்துக்குப் புதுச் சாயமும் பூசுவேன்.

நீங்கள் வரும் தேதியை முன்கூட்டியே எழுது, பின்பக்க அறையை ஒதுக்கி வைக்கிறேன். உயரச் செருப்பு வேண்டாம், துறை மரப்பாலத்தின் இடுக்கில் மாட்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல், யாருக்கும் தலைகுனியாமல் இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இறங்கியதும் சித்தப்பா பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். மரியாதையாக நலம் விசாரி. வழி உனக்குத் தெரியும், இருந்தாலும் அவரிடமே கேள்.

உன் அம்மா