முதலில் அலுமாரியைத் திறவுங்கோ

நானா,

பனம்பழம் விழுகிற காலம் இது. கிணற்றடிப் பனையிலிருந்து விடிய ஒன்று விழுந்து வெடித்துக் கிடந்தது. அந்த மணத்துக்குள் நின்று முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது வாசல் படலையடியில் ஒரு வான் வந்து ஹோர்ன் அடித்தது. வந்தவர் வானின் கதவை இழுத்துத் திறக்க, உள்ளே முகடு முட்டத் துணி. கஞ்சி முறியாத புதுத் துணியின் மணம் முற்றம் தாண்டி வந்து பனம்பழ மணத்தோடு கலந்தது. இந்த இரண்டு மணமும் சேர்ந்து என் மூக்கில் ஏறி எத்தனையோ வருடம். முந்தி ஏறிய அந்த ஒரு நாளும் நீர்தான் படலையில் நின்றீர்.

வானால் இறங்கியவருக்கு உம்முடைய நெற்றி, உம்முடைய நடை. "நீர் நானாவின்ர மகனோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. வாப்பா போன நோன்பு மாதம் மௌத்தாப் போயிட்டார். புத்தளத்திலதான் அடக்கினது. இறுப்பிட்டிக்குப் போனா அண்ணை வீட்டுக் கிணத்தில தண்ணி வாங்கிக் குடியெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

அதனால்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் வதனி எழுதுகிறாள். உம்மைவிட நான் எட்டு வயது மூப்பு. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைக்கிற சொல்லால் ஊர் முழுக்க உம்மை நானா என்றதால் நானும் நானா என்றேன். நீர் என்னை அண்ணை என்றீர். இரண்டு பேருக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மாதம் ஒருமுறை நீர் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் பாலம் கடந்து எங்கள் தீவுக்குத் துணி விற்க வருவீர். கரியரில் உம்முடைய பொட்டணி, வெள்ளைத் துணியில் கட்டிய அந்தப் பெரிய மூட்டை, உம்மைவிட உயரமாக இருக்கும். மணிச் சத்தம் கேட்டதும் பெண்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். நீர் அவசரப்பட மாட்டீர். மூட்டையின் முடிச்சை மெல்ல மெல்ல அவிழ்ப்பீர். முடிச்சு அவிழ்கிற நேரத்திலேயே பாதிப் பேர் வாங்க முடிவு செய்துவிடுவார்கள் என்று ஒருநாள் என்னிடம் நீரே சொன்னீர்.

என் வீட்டில் மட்டும் அது நடக்கவில்லை. அந்த நாளில் இறுப்பிட்டியில் எங்கள் வளவில் உப்புத் தண்ணீர்தான். வதனி குடத்தோடு கோவில் தாண்டி நடந்து நல்ல தண்ணீர் அள்ளி வருவாள். காலையும் மாலையும் ஒரே நடை. வளவின் மேற்கு மூலையில் நல்ல ஊற்று இருக்கிறதென்று ஒரு கிழவர் சொல்லியிருந்தார். அந்தக் கிணற்றைக் கட்டி முடிக்கும் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு முழத் துணியும் வாங்குவதில்லை என்று நான் சொன்னேன். என் மனைவி பூரணம் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

நீர் சிரித்தது எனக்கு ஞாபகம். என் சாரம் குந்துகிற இடத்தில் நைந்ததும், நான் நைந்த பட்டையை மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்தேன். சாரம் இரண்டு விரல் ஒடுங்கியது, இன்னும் ஒரு வருடம் ஓடியது. சேட்டின் கொலர் தேய்ந்ததும் பிளேட்டால் தையலை அறுத்து, கொலரைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தேன். அதை உமக்குக் கழுத்தை நீட்டிக் காட்டினேன்.

"எடுங்கோ அண்ணை, எடுங்கோ. ஒரு சேட்டுத் துணி. பொப்ளின். பிடிச்சுப் பாருங்கோ."

பிடித்துப் பார்த்தேன். விரலால் பார்த்தால் எனக்குத் துணி தெரியும். "நல்ல துணி. கொண்டு போம்," என்றேன்.

"கசவாரம்," என்று வாய்க்குள் சொன்னீர். கஞ்சன் என்று நீர் திட்டுவது எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னீர். பிறகு, "கொலரை ஒருக்காத்தான் அண்ணை திருப்பலாம். ரெண்டாம் பக்கமும் தேஞ்சா என்னட்டத்தான் வரவேணும். நான் காத்திருக்கிறன்," என்றீர்.

நான் ஆசையில்லாத மனிதன் என்று யாரும் நினைக்கக்கூடாது. நீர் போன பிறகும் அந்தப் பொப்ளின் என் விரலிலேயே கிடக்கும். இரண்டு நாளைக்குக் கிடக்கும். மூன்றாம் நாள் கிணற்றுக் கிடங்குக்குள் இறங்கி இன்னும் ஒரு முழம் வெட்டுவேன். அப்போது போய்விடும்.

எண்பத்தாறில் கிணறு வெட்டி முடிந்தது. நல்ல தண்ணீர். ஆனால் மாரிக்கு முன் சுற்றிக் கல் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் முதல் மழைக்கே மண் சரிந்து கிடங்கு மூடிவிடும். கல்லுக்கும் சீமெந்துக்கும் ஒதுக்கிய காசு மூடற்பெட்டிக்குள் இருந்தது. அந்த ஆவணியில்தான் வதனியைப் பெண் பார்க்க வருவதாக வேலணையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

வதனிக்கு உடுத்த ஒரு நல்ல வொயில் சேலை இருந்தது. இளம் பச்சை. எனக்கு ஒரு நல்ல வேட்டி. வீட்டில் சவுக்காரம் முடிந்திருந்தது. பூரணம் கிணற்றடியில் பனம்பழத்தைப் பிழிந்து அந்தச் சாற்றில் இரண்டையும் தோய்த்து வேலியில் போட்டாள். நுரையும் வந்தது, அழுக்கும் போனது. மணம் மட்டும் போகவில்லை. பனம்பழ மணம் பிடித்தால் மாடு விடுமா? நான் தோட்டத்தால் வந்து பார்க்கிறேன், மாடு சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டு நிற்கிறது. வேட்டியில் ஒரு மூலையும் போய்விட்டது. பனம்பழத்தில் தோய்த்தது தன் பிழை என்று பூரணம் இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. மாட்டைக் கட்டாமல் போனது நான்தானாம்.

"நாளையிண்டைக்கு ஆக்கள் வருகினம். பிள்ளை என்னத்தைக் கட்டிறது?" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். அந்த நேரம் பார்த்து உம்முடைய மணி கேட்டது.

நான் படலைக்கே ஓடி வந்தேன். "நானா, பொட்டணியை அவிழும். பிள்ளைக்கு ஒரு சேலை, எனக்கொரு வேட்டி சேட்டு, இவளுக்கும் ஒண்டு. நல்லதாப் பாத்து எடும்."

நாலு வருடமாக நீர் காத்திருந்த சொல் அது. முடிச்சில் கை வைத்தீர். மாட்டைப் பார்த்தீர். அதன் வாயோரத்தில் பச்சை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மேற்கு மூலையில் குவிந்து கிடந்த மண்ணைப் பார்த்தீர்.

"கிணத்துக் காசோ அண்ணை?"



நீர் முடிச்சிலிருந்து கையை எடுத்தீர். "இண்டைக்கு நான் விக்கேல்லை."

"விளையாடாதையும் நானா. பிள்ளையின்ர காரியம்."

"நாலு வருசமா உங்களிட்டத் தோத்துக்கொண்டு வாறன். ஒருநாளைக்கு வெல்லுவன். ஆனா மாடு வெண்டு தந்து நான் வெல்லத் தேவையில்லை. முதலில அலுமாரியைத் திறவுங்கோ. அதுக்குள்ள ஒண்டுமில்லையெண்டா என்ர பொட்டணியைத் திறக்கிறன்."

வேப்பமரத்தடியில் பாய் விரித்தோம். பூரணம் அலுமாரியில் இருந்ததை எல்லாம் கொண்டுவந்து போட்டாள். வெட்கப்பட்டுத்தான் போட்டாள். நீர் ஒவ்வொன்றாக உதறி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தீர், உம்முடைய சரக்கைப் பார்க்கிற மாதிரியே. அடியில் கிடந்த சிவப்புச் சேலையைக் கண்டதும், "அக்கா, இது எப்ப உடுத்தனீங்கள்?" என்றீர்.

"பூச்சி அரிச்சுப்போட்டுது நானா. உடுக்க ஏலாது."

"உடல்தானே அரிச்சது. கரை கிடக்கு."

பிறகு பச்சைச் சேலையை எடுத்து, மாடு சப்பிய தலைப்பை ஒரு பக்கம் போட்டுவிட்டு, மற்ற நுனியைத் தேடிப் பிடித்தீர். இடுப்புக்குள் செருகுகிற உள்நுனி அது. வெயிலே படாத துணி, வாங்கின நாள் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. "இதுதான் தங்கச்சி இனித் தலைப்பு. கடிச்ச பக்கம் இடுப்புக்குள்ள போகட்டும். சிவப்புக் கரையை வெட்டி இதில வைச்சுத் தையும்." வதனியின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. என் வேட்டியையும் அப்படியே மாற்றி மடித்து, சப்பிய மூலை உள்ளே போகும்படி காட்டித் தந்தீர். எல்லாம் முடிய ஒரு பேணி தேத்தண்ணீர் குடித்தீர். கட்டின பொட்டணி கட்டினபடியே சைக்கிளில் ஏறிப் போனீர்.

வேலணை ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வதனியின் தலைப்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தா.

"வடிவான சேலை. எந்தக் கடையில எடுத்தது பிள்ளை?"

"கடையில இல்லை மாமி, எங்கட அலுமாரியில," என்றாள் வதனி. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பனம்பழம், மாடு, கரை எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். பூரணம் குசினிக்குள் போய்விட்டாள். அந்த மனுசி வாய்விட்டுச் சிரித்தா. மாப்பிள்ளை அதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. "மாட்டுக்கு ஒண்டும் ஆகேல்லையோ?" என்றுதான் முதலில் கேட்டார். போகிறபோது வதனி தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வீட்டிலேயே நல்ல தண்ணி," என்று தாய் மகனிடம் சொன்னதை நான் கேட்டேன். கலியாணம் தைக்குச் சரிவந்தது. கூறைச்சேலை அவர்கள் முறைப்படி அவர்களே கொண்டுவந்தார்கள். நான் மாடு சப்பிய வேட்டியோடுதான் மணவறையில் நின்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கிணறு மழைக்கு முன் கட்டி முடிந்தது. அதற்குப் பிறகு நீர் வந்தால் முதலில் கிணற்றடிக்குத்தான் போவீர். ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு, "உங்கட சேட்டுத் துணியைக் குடிக்கிறன் அண்ணை," என்பீர். "எப்பிடி இருக்கு?" என்று கேட்பேன். "சாயம் போகாது," என்பீர்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் உங்கள் ஆட்களை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். சொன்னவர்கள் இயக்கத்துக்குப் போன எங்கள் பிள்ளைகள். நாங்கள் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தோம். இந்த இடத்தில் வதனி பேனையை நிறுத்தினாள். எழுது என்றேன். நானாவுக்கு எழுதுகிற கடிதத்தில் இது இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் இருக்கத் தேவையில்லை.

அடுத்த வருடம் தீவை விட்டு ஓடுகிற நாள் எங்களுக்கும் வந்தது. நிறைந்த அலுமாரிகளுக்கு முன் நின்று எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் அழுதவர்களைக் கண்டேன். பூரணம் கால் மணித்தியாலத்தில் எங்கள் இரண்டு பேருடைய உடுப்பையும் இரண்டு பையில் கட்டிவிட்டாள். எது எத்தனை நாள் உழைக்கும் என்று அவளுக்குக் கைமனப்பாடம். வள்ளத்தில் ஏறும்போது எங்கள் கை பாரமில்லாமல் இருந்தது. கிணற்றைப் பலகையால் மூடிவிட்டுப் போனோம். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரி இல்லை. பலகையை விலக்கினேன். தண்ணீர் இருந்தது. நான் வாங்காமல் விட்ட சேட்டுகளில் ஒன்றாவது அதுவரைக்கும் உழைத்திருக்குமா, சொல்லும்.

இன்றைக்கு உம்முடைய மகன் கிணற்றடியில் நின்று தண்ணீர் குடித்தபடி ஒரு கதை சொன்னார். நீங்கள் போன நாளில் உம்முடைய துணி எல்லாம் கிடந்தபடி கிடக்க, உடுத்த சாரத்தோடும் சேட்டோடும் நீர் நடந்தீராம். எத்தனையோ வீட்டுக்குத் துணி சுமந்த மனிதன். புத்தளம் அகதி முகாமில் அந்தச் சேட்டின் கொலர் கிழிந்ததும், ஒரு பிளேட்டு வாங்கி, தையலை அறுத்து, நீரே திருப்பித் தைத்தீராம். இது எங்கே படித்தது என்று உம்முடைய மனைவி கேட்டதற்கு, "இறுப்பிட்டியில ஒரு கசவாரத்திட்டை," என்றீராம். சொல்லும்போது அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணைக் கழுவத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, நல்லதாய்ப் போயிற்று.

"வாங்க வேணுமெண்டு இல்லை ஐயா. வாப்பா பாக்கச் சொன்னவர், அதுதான் வந்தனான்," என்றார்.

"கொஞ்சம் நில்லும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இன்றைக்கும் நான் எதை வாங்குகிறதென்றாலும் முதலில் செய்வது அதுதான். அலுமாரியைத் திறந்தேன். சாரம் நாலு, நாலும் நல்லது. வேட்டி இரண்டு, ஒரு குறையும் இல்லை. மருமகன் கொண்டுவந்து தந்த வெள்ளைச் சேட்டைத் தடவிப் பார்த்தேன். நல்லது கெட்டதுக்குப் போட என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதன் கொலரை ஐந்து வருடத்துக்கு முன் திருப்பினேன். திருப்பிய பக்கமும் தேய்ந்து, அந்த ஓட்டைக்குள் என் பெருவிரல் போய் வந்தது.

வானடிக்குப் போய், வெள்ளைத் துணி மூன்றைப் பிடித்துப் பார்த்து, மூன்றாவதில் ஒரு சேட்டுக்கு வெட்டச் சொன்னேன். ஒன்றுக்குத்தான். "அப்பாவோ வாங்குறார்?" என்று வதனி வாசலுக்கே வந்துவிட்டாள். துணி இப்போது என் மடியில் கிடக்கிறது. கொலரைப் பிறகு திருப்பக்கூடிய மாதிரித் தைக்கச் சொல்லித்தான் கொடுப்பேன்.

நீர் வென்றீர், நானா. இந்த முறை மாடு கட்டினபடியேதான் நின்றது.